மழையை நிறுத்தும் சுரம்

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்று காலை ஆறே முக்கால் மணிக்கு உலக வரலாறு இரண்டாகப் பிளந்தது. ஹென்றி தங்கையா ஓபரா எழுதி முடிக்காத காலம் ஒன்று, முடித்த காலம் இன்னொன்று. புதிய காலத்தின் முதல் நிகழ்ச்சியாக அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

வருங்கால ஆராய்ச்சியாளர்களின் வசதிக்காகச் சில குறிப்புகள். எனக்கு அறுபத்தெட்டு வயது. ஊர் தூத்துக்குடி. கல்யாணம் என்னைத் தேடி வந்தபோது நான் ஒத்திகையில் இருந்தேன். பத்தொன்பது வயதில், கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தாவாக, காகிதங்களில் கையெழுத்து வாங்க ஒரு இத்தாலியச் சரக்குக் கப்பலில் ஏறினேன். இஞ்சினியர் அறையில் டேப்பில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை. அவள் சாகப்போகிறாள் என்பது மட்டும் புரிந்தது. நாலு பகல் நாலு இரவு அங்கேயே நின்றேன். (ஆபீஸ் பதிவேட்டில் முக்கால் மணி நேரம் என்று இருக்கும். பதிவேடுகளை நம்ப வேண்டாம்.) வாழ்வதையும் பாடி, சண்டையையும் பாடி, செத்து விழும்போதும் பாடும் அந்தக் கலைக்கு அன்று அடிமையானவன், இன்றுவரை விடுதலை கேட்கவில்லை.

என் படைப்பின் பெயர் 'உப்புச் சீமாட்டி'. மூன்று அங்கம், ஒன்பது சாவு. உப்பளத்தில் ஒரு பெண். வருஷம் முழுக்க வாரிய உப்பு அம்பாரமாகக் கிடக்கிறது. காலம் தப்பி மேகம் ஏறுகிறது. அவள் பாடினால் மழை நிற்கிறது, வாயை மூடினால் விழுகிறது. ஆகவே பாடிக்கொண்டே இருக்கிறாள். அந்தப் பாட்டின் உச்சியில் ஒரு சுரம், மேல் ஸி. மனிதத் தொண்டை ஏறக்கூடிய மொட்டை மாடி அது. அங்கே ஏறி எட்டு எண்ணும்வரை நிற்க வேண்டும். இந்த ஊரில் அங்கே ஏறத் தெரிந்த தொண்டை ஒன்றுதான்: என் அக்கா ரோஸ்லினின் மகள் பெர்சிஸ். முப்பத்து நாலு வயது. எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர். அவர்கள் கீழ்வீட்டில், நான் மாடியில்.

இன்னொரு செய்தி. புதிய இசை நாடகங்களுக்கு மேடை போட்டுக்கொடுக்கும் சென்னை அறக்கட்டளை ஒன்று எனக்குப் பதில் எழுதியிருக்கிறது. அவர்களுடைய நளினா கருணாகரன் அம்மையார் அக்டோபர் 19 அன்று நேரில் வந்து கடைசி அங்கத்தை மட்டும் கேட்பார். இப்படி அவர் கேட்கப்போகும் மூன்று பேரில் ஒருவருக்கு முழு வாத்தியக் குழுவோடு சென்னையில் அரங்கேற்றம். நாற்பத்தொன்பது வருஷத்தில் என் கடிதங்களுக்கு வந்த முதல் பதில் இது. தபால்காரரைக் கட்டித் தழுவினேன். அவர் விரும்பவில்லை.

கீழே போய் அக்காவிடம் கதை முழுவதையும் சொன்னேன். மீன் அலசியபடியே கேட்டாள்.

"கடைசில ஒருத்தியாவது உசுரோட இருக்காளாலே?"

இல்லை என்றேன்.

"அப்ப யாரு பாத்திரம் கழுவுவா?"

செப்டம்பர் 6, சனி

காஸ் சிலிண்டர் வந்தது. கொண்டு வந்தவரிடம், நீங்கள் ஒரு ஓபரா இசையமைப்பாளரின் சமையலறையில் நிற்கிறீர்கள் என்று அறிவித்தேன். ஓடிபி சொல்லுங்க என்றார்.

செப்டம்பர் 11, வியாழன்

ஒத்திகை. எங்கள் கோயில் பாடகர் குழுவிலிருந்து பதினோரு பேர், கீபோர்டில் நான், நடுவில் பெர்சிஸ். அவள் உச்சிக்கு ஏறினாள். ஸி வந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் நங்கூரத்தைத் தாமாகவே தூக்கிக்கொண்டன. இறங்கும்போது மட்டும் குரலில் சின்ன உரசல் ஒன்று கேட்டது. சாக்பீஸ் தூசிதான் காரணம். நாற்பது பிள்ளைகளைப் பகலெல்லாம் கத்தி அடக்குகிறவள்.

வெந்நீர் கொடுத்து, இன்னொரு தடவை என்றேன். பிறகு இன்னொரு தடவை. மொத்தம் ஏழு. ஏழாவது மிக நன்றாக இருந்தது. வழக்கமாக என் வழுக்கையைப் பற்றியோ தாடியைப் பற்றியோ ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறவள், இன்று கையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டியின் மிதவை கெட்டு மாடியெங்கும் பிரளயம். நானே சரிசெய்தேன். பெர்சிஸ் இரண்டு நாளாக வகுப்பில் விசில் ஊதித்தான் பிள்ளைகளை அடக்குகிறாளாம். புதிய கல்வி முறையாக இருக்கும்.

செப்டம்பர் 20, சனி

தொண்டை டாக்டர் வைதேகியிடம் நானும் கூடப் போனேன். பெர்சிஸின் மூக்கு வழியே மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, அவள் குரல்நாண்களைத் திரையில் காட்டினார். நாற்பத்தொன்பது வருஷமாகக் குரலைக் கும்பிட்டு வந்தவன், அது குடியிருக்கும் வீட்டை இன்றுதான் பார்த்தேன். இரண்டு வெள்ளை நாடாக்கள். அவ்வளவுதான். இடது நாடாவின் மேல் சிவப்பாக ஒரு நரம்பு, மண்புழுபோலப் புடைத்துக் கிடந்தது.

மேலே ஏறி அழுத்திப் பாடினால் அது வெடிக்கும் என்றார் டாக்டர். உள்ளே ரத்தம் கட்டும். தழும்பு விழுந்தால் பாட்டு போகும், பேச்சும் பாதியாகிவிடலாம். டீச்சர் வேலை பார்க்கிறவர் யோசிக்க வேண்டும். ஒன்றரை மாதம் ஓய்வு. ஒன்றரை மாதத்துக்குள் அக்டோபர் 19 விழுகிறதா என்று நான் விரல்விட்டு எண்ணியதை அவர் பார்த்துவிட்டார்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும் சார்?"

தாய்மாமன் என்றேன்.

"அப்ப நல்லதாப் போச்சு. இவங்கள பாடவிடாம நீங்களே பாத்துக்கோங்க."

செப்டம்பர் 21, ஞாயிறு

ஊளி மீன் நன்றாக இருந்தது. வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

செப்டம்பர் 24, புதன்

பெர்சிஸ் லீவு போட்டிருக்கிறாள். பேசுவதில்லை. நோட்டில் எழுதிக் காட்டுகிறாள். இன்று மாடிக்கு வந்து எழுதியது: 'சுருதியை நாலு படி இறக்கிருங்க மாமா. டாக்டர்ட்ட கேட்டுட்டேன். 19-க்குள்ள ரெண்டே ஒத்திகை, அழுத்தாமப் பாடணும்னு சொல்லி விட்டாங்க.'

இதில் கஷ்டம் ஏதும் இல்லை. எங்கள் குழு டோ ரே மி எழுத்தைப் பார்த்துப் பாடுவது. சுருதியை எங்கே வைத்தாலும் எழுத்து அப்படியே இருக்கும், ஒரு தாளையும் திருத்த வேண்டாம். கீபோர்டிலும் அப்படித்தான். எங்கள் பக்கத்துக் கோயில்களில் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் ஒரே சுருதிக்கு விரலைப் பழக்கிவிட்டு, மீதியை டிரான்ஸ்போஸ் பொத்தானிடம் ஒப்படைத்தவர்கள். நானும் அந்தக் கட்சி. நாலு தடவை அழுத்தினால் திரையில் மைனஸ் நாலு என்று வரும். விரல் பழைய விசைகளிலேயே ஓடும், சத்தம் மட்டும் நாலு படி கீழே கேட்கும்.

ஒரு சுரத்துக்காக உன் தொண்டையைப் பலி கேட்க நான் என்ன கல்நெஞ்சனா, வேண்டுமானால் ஓபராவையே கடலில் எறிவேன் என்று எழுந்து நின்று முழங்கினேன். அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள்: 'எறிய வேண்டாம். பொத்தானை அமுக்குங்க, போதும்.'

அக்டோபர் 5, ஞாயிறு

இறக்கிய சுருதியில் முதல் ஒத்திகை. பதினோரு பேரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. மழையை நிறுத்தக் கோரி மனு எழுதி, கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று கொடுத்ததுபோல இருக்கிறது. நான் எழுதியவள் மேகத்தின் சட்டையைப் பிடிக்கிறவள். இவள் மேகத்துக்கு உட்கார நாற்காலி போடுகிறாள்.

பாடி முடித்ததும் பெர்சிஸ் என் முகத்தைப் பார்த்தாள். தேவதூதர்கள் கூட்டமாக ராஜினாமாக் கடிதம் கொடுக்கிறார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"மாமா, பிடிக்கலன்னா சொல்லிருங்க. பாடாமலே விட்டுருவோம். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

பிடித்திருக்கிறது என்றேன். மூன்று தடவை சொன்னேன்.

அக்டோபர் 13, திங்கள்

19 அன்று பாடப்போகிற பள்ளிக்கூட மண்டபத்தைப் போய்ப் பார்த்தேன். மின்விசிறிகளில் ஒன்று கிறீச்சிடுகிறது, ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே. என் காதுக்கு அது முள். எலக்ட்ரீஷியனிடம் அதன் கம்பியைக் கழற்றச் சொன்னேன். அரங்கச் சட்டம் ஒன்றும் இயற்றினேன்: அலைபேசிகள் வாசலிலேயே ஒப்படைக்கப்பட வேண்டும், ஒலிப்பதிவு கூடாது. எண்பது பேர் காதால் கேட்டால் போதும்.

மாலையில் வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்தேன். பொத்தான் இல்லாமல், பழைய சுருதியில். விரல் பழக்கத்துக்காகத்தான். இரண்டு தடவை. மூன்று.

அக்டோபர் 19, ஞாயிறு

நடந்தது. மழை. நாளைக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

குற்றப்பத்திரிகை. குற்றவாளி: கீபோர்டு.

நேற்று மாலை ஆறு மணிக்கு நளினா அம்மையார் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். ஆறரைக்கு வெளியே மழை பிடித்தது. சீமாட்டியின் பாட்டுக்குச் சற்று முன்னால் கரண்டு போயிற்று. ஜெனரேட்டர் ஓட இரண்டு நிமிடம் ஆயிற்று. இந்தக் கீபோர்டு ஒரு தடவை அணைந்து எரிந்தால், இறக்கி வைத்த சுருதியை மறந்துவிடும். மைனஸ் நாலு போய், சைபர் வந்துவிடும். அந்தப் பதற்றத்தில் யாரும் கவனிக்கவில்லை. முன்னிசையை வாசித்தேன். பெர்சிஸ் பாடத் தொடங்கினாள். பாட்டு அடித்தளத்திலிருந்து கிளம்புவதால் தொடக்கத்தில் வித்தியாசம் தெரியாது. மேலே போகப்போகத்தான் தெரியும். போனாள். ஸி வந்தது. எட்டு எண்ணும்வரை நின்றது.

பிறகு இருமினாள். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு மீதி இரண்டு வரியைப் பாடாமல் நின்றாள். குழு பாடி முடித்தது. நளினா அம்மையார் எழுந்து நின்று கைதட்டினார். எல்லோரும் எழுந்தார்கள்.

தீர்ப்பு: குற்றவாளிக்குப் பெட்டிக்குள் ஆயுள் சிறை. பரணில் ஏற்றிவிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

டாக்டரிடம் அக்காவும் பெர்சிஸும் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. இடது நாடா முழுக்கச் சிவந்து கிடந்ததாம். ரத்தம் வடிந்தபிறகுதான் தழும்பு எவ்வளவு என்று தெரியுமாம். நல்ல டாக்டர்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள். என்னைப்போல.

மத்தியானம் கீழேயிருந்து குழம்பு வரவில்லை. நானே இறங்கிப் போனேன். கரண்டு போனது, ஜெனரேட்டர், கீபோர்டின் ஞாபகமறதி எல்லாவற்றையும் அக்காவுக்கு விளக்கினேன். அவள் கதவுநிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ ஒன்னப் பாத்தாளாம்லே. பாடுறப்ப ரெண்டு தடவ திரும்பிப் பாத்தாளாம். நீ தலையவே தூக்கலியாம்."

விசைகளைப் பார்த்து வாசிப்பது என் வழக்கம் என்றேன். அப்படி ஒரு வழக்கம் எனக்கு இல்லை என்பது குழுவில் பதினோரு பேருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

அக்டோபர் 27, திங்கள்

துணிகளை ஊறவைத்தேன். மழையில் காயவில்லை.

20ஆம் தேதிக் குறிப்பில் ஒரு திருத்தம். யாரும் கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். முன்னிசையின் பாதியில் எனக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. சென்னையிலிருந்து வந்தவர் முன்னால் நிறுத்தி, பொத்தானை அமுக்கி, மறுபடி தொடங்குவது நாகரிகமாக இருக்காது என்று பட்டது.

அக்டோபர் 30, வியாழன்

பாதியில் இல்லை. முன்னிசையின் முதல் கோர்டிலேயே தெரிந்தது. மின்விசிறி என்ன சுருதியில் கிறீச்சிடுகிறது என்று சொல்லுகிற காது.

நவம்பர் 4, செவ்வாய்

கடிதம் வந்தது. உப்புச் சீமாட்டி தேர்வாகிவிட்டாள். மார்ச் மாதம் சென்னையில் அரங்கேற்றம், முப்பத்திரண்டு வாத்தியங்கள். தம் இத்தனை வருஷ அனுபவத்தில் ஒரு மேடையில் இப்படியொரு கணத்தைக் கேட்டதில்லை, மழைச் சத்தத்தின் மேல் அந்தக் குரல் ஏறி நின்றபோது கையில் மயிர் சிலிர்த்தது என்று நளினா அம்மையார் எழுதியிருக்கிறார். சென்னையிலும் அதே பாடகிதான் பாட வேண்டும் என்று ஒரு நிபந்தனை.

நான் பத்தொன்பது வயதிலிருந்து மனப்பாடமாக வைத்திருந்த கடிதம் இது. இதைப் படிக்கும்போது என்ன சட்டை போட்டிருப்பேன் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். முண்டா பனியனோடு படித்தேன். சொல்வதற்குக் கீழே இறங்கினேன். அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். வாயைத் திறக்காமல் மேலே வந்துவிட்டேன்.

ஆராய்ச்சியாளர்களே, அடுத்த பத்தியைப் படித்தபின் நீங்கள் இந்த நோட்டை மூடிவிடலாம்.

ஜெனரேட்டர் ஓடியதும் திரையில் சைபர் எரிந்தது. பார்த்தேன். பொத்தானின் மேல் விரலை வைத்தேன். நாலு அழுத்து. ஒரு முறை மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. விரல் அங்கே இருக்கும்போதே, இனி ஒருபோதும் அந்தச் சுரத்தைக் கேட்கமாட்டாய் என்று எனக்குத் தோன்றியது. டாக்டர் கூட்டிச் சொல்கிறவர் என்றும் தோன்றியது. ஒரே ஒரு தடவைதானே என்றும். விரலை எடுத்துவிட்டேன். அவள் முதல் தடவை திரும்பிப் பார்த்தபோது சுருதியை இறக்கியிருக்கலாம். இரண்டாம் தடவை பார்த்தபோதும் முடிந்திருக்கும். பார்க்கிறாள் என்பது தலையைத் தூக்காமலே தெரிந்தது. நான் தூக்கியிருந்தால் அவள் நின்றிருப்பாள். அதனால் தூக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

கரண்டு பில் கட்டினேன். பல்செட்டைச் சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன். பல் இல்லாமல் பேசுவது கஷ்டம். பேச ஆளும் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கோயில் முடிந்து பெர்சிஸ் மாடிக்கு வந்தாள். மண்டபத்தில் பாடி இருபத்தொரு நாளுக்குப் பிறகு. டாக்டர் நேற்றிலிருந்து பேச அனுமதித்திருக்கிறார். பேசினாள். காற்றுதான் அதிகம் வருகிறது, நடுநடுவே குரல். அகலமாக இருந்த ஆறு வற்றி, அங்கங்கே தண்ணீர் கிடப்பதுபோல. தழும்பு விழுந்துவிட்டது. பயிற்சி செய்தால் பேச்சு இன்னும் கொஞ்சம் தேறலாம். பாட்டைப் பற்றி டாக்டரிடம் அவள் கேட்கவில்லையாம். வகுப்பு எடுக்க முடியாது என்பதால் ஹெட்மிஸ்ட்ரஸ் அவளைப் பள்ளிக்கூட ஆபீசில் உட்காரச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோல வரிசையாகச் சொன்னாள்.

மேஜைமேல் கிடந்த கடிதத்தை எடுத்து முழுவதும் படித்தாள். அதே பாடகி என்ற இடத்தில் கொஞ்சம் நின்று படித்தாள். பிறகு மடித்து வைத்தாள்.

"தெரிஞ்சிதான வாசிச்சிய?"

இந்தக் கேள்விக்காக நான் பத்து நாளாக மூன்று அங்கத்துக்குப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். கண்ணீர் விட்டுச் சொல்ல ஒன்று, காலில் விழுந்து சொல்ல ஒன்று, கலையின் பெயரால் சொல்ல ஒன்று.

"ஆமா" என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்று காத்திருந்தேன். தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"எப்படி இருந்துச்சு மாமா? அந்த இடத்துல எனக்குக் காது அடச்சிட்டு. ஒண்ணுமே கேக்கல."

மண்டபத்தில் இருந்த எண்பது பேரும் கேட்ட சுரம் அது. பாடியவள் மட்டும் கேட்கவில்லை. எந்த அலைபேசியிலும் அது இல்லை. இந்தப் பெண் ஏழு வயதில் ஞாயிறு பள்ளியில் பாடியபோது, நீ பாடியதில் கோயில் கோபுரம் இரண்டு அடி வளர்ந்துவிட்டது என்று சொல்லி, அவளை வெளியே கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்க வைத்தவன் நான். அப்படி ஒரு சொல்லாவது இப்போது வரும் என்று வாயைத் திறந்தேன்.

"சரியா இருந்துச்சு" என்றேன்.

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். சென்னைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

கீழே அக்கா, "என்னட்டி சொன்னான்?" என்று கேட்டது மாடிவரை கேட்டது. பெர்சிஸ் சொன்ன பதில் கேட்கவில்லை. படியில் இரண்டு எட்டு இறங்கி நின்று கேட்டேன். அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் குரல் இங்கே வரவில்லை.